முருகனிடம் காது கேட்டேன்

முருகன் பிள்ளைகள் எல்லாருக்கும் என் கும்பிடு. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மயிலாப்பூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். பிழைக்க வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மோட்டாரை ஓடவிட்டால் போதும், கார்பன் தேய்ந்ததா, ஷாஃப்டைத் தாங்கும் புஷ் போனதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். திறந்து பார்த்துச் சொல்கிறவனை மெக்கானிக் என்றே மதிக்க மாட்டேன். அவ்வளவு கொழுப்பு.

மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மாதம், ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வலது காதை முழுதாகவும் இடது காதில் முக்காலையும் எடுத்துக்கொண்டு போனது. நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர். அங்கேயே காது மிஷின் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே இரைச்சல். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில்கூடச் சொல்லவில்லை. காது போனவனிடம் யார் மிக்ஸியைக் கொடுப்பார்கள்? பேசுகிறவர்கள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினேன். குத்துமதிப்பாகப் பழுது சொன்னேன். சரிசெய்து கொடுத்தவை திரும்பி வந்தன. வராதவை வேறு கடைக்குப் போயின. வேறு தொழில் எனக்குத் தெரியாது. பயந்துபோனேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருந்தேன். ஆறு நாளும் காலையில் கபாலி கோவில் சிங்காரவேலர் சந்நிதியில் நின்று அழுதேன். பெற்ற அப்பனுக்கே காதில் உபதேசம் சொன்னவனாயிற்றே, என் காதுக்கு ஒரு வழி பண்ண மாட்டாயா என்று கேட்டேன்.

ஆறாம் நாள் கோவிலிலிருந்து வந்தால், கடை வாசலில் ஒரு மாமி. பக்கத்துத் தெருக்காரர். மூன்றாம் முறையாக அதே மிக்ஸி. முதலில் கார்பன் மாற்றியிருந்தேன், அப்புறம் ஜார் உட்காரும் கப்ளர். மிக்ஸியை ஓடவிட்டுக் காதை வைத்தேன். கை அதிர்ந்தது, காதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஷாஃப்டை ஆட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மாமி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி செண்பகம் ஈரக் கையோடு வந்தாள். என் இடது காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்:

"கார்பன் இல்ல, கப்ளரும் இல்ல. புஷ் தேஞ்சிருக்கு. மூணு மாசமா தப்புத் தப்பாச் சொல்லுதிய. சொன்னா மனசு நோவுமேன்னு இருந்தேன்."

இடது காதுக்குத்தான் வந்தாள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

புஷ்தான். மாற்றி ஓடவிட்டேன். மாமி முகம் தெளிந்தது.

"இதை மொதல்லயே ஆத்துக்காரிகிட்டக் கேட்டிருக்கப்படாதோ?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு நாள் முருகனிடம் கேட்டேனே, இவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? பத்தொன்பது வருஷமாகப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு மோட்டாரின் சத்தமும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அடுத்த நிமிஷமே நான் பெருமையாகப் பழுதின் பேரைச் சொல்வதும் விழுந்திருக்கிறது. நான் கேட்ட காதை அவன் எப்போதோ கொடுத்துவிட்டான். அடுப்படியில் நிற்க வைத்து வீணாக்கியவன் நான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள்.

அன்று மாலையே பலகையைப் பிடுங்கினேன். இப்போது முன்னால் அவள் கேட்கிறாள், பின்னால் நான் கழற்றிப் பூட்டுகிறேன். சமையலில் பாதி என் பங்கு. மகள் படிப்பு முடித்து ஆதம்பாக்கத்தில் இரண்டாவது கடை போட்டிருக்கிறாள். அவளுக்கும் அம்மாவின் காது. என் பேர் மட்டும் இருந்த போர்டில் இன்று மூன்று பேர்.

காது வரவில்லை. குறையும் இல்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் முருகனிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்ட கையோடு, பக்கத்தில் இருக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் அங்கேதான் வைத்திருப்பான்.

எனக்காக நாள் முழுக்கக் கத்திப் பேசி, செண்பகத்துக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அவளுக்காக ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள்.