வைக்கோல்போருக்கு இந்தப் பக்கம்

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் பஸ் போர்டை நானே படித்துத்தான் ஏறுவேன். எந்த பஸ் எங்கே போகிறது என்று இன்றுவரை ஒருத்தரிடம் போய் நின்றதில்லை.

போன மாசம் என் மகன்கள் இரண்டு பேரும் என்னைத் தஞ்சாவூர் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் அப்பா போன பிறகு வீட்டை எப்படிப் பிரிப்பது என்று தகராறு. கோர்ட் என்றால் கூண்டும் கறுப்புக் கோட்டும் இல்லை. சமரச மையமாம். ஒரு மேசை, சில நாற்காலி, தலைக்கு மேலே ஒரு ஃபேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டது. பெரியவன் வாயைத் திறந்தான். "அவங்க சொல்லட்டும் சார்" என்றது. நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அப்புறம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எங்கள் வீட்டு விஷயம். தண்ணீர் குடித்த அந்த நேரத்தில் நினைப்பு எங்கே போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்த வீட்டிலும் ஒரு கேஸ் இருந்தது. அது எனக்கு மூத்தது. நான் பிறக்கும் முன்பே மன்னார்குடி கோர்ட்டில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடந்துகொண்டிருந்தது. விஷயம் தண்ணீர்தான். எங்கள் பக்கத்தில் அடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? தாத்தா காலமானதும் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். மடையை ஒட்டிய வயல் அப்பாவுக்கு, அதற்குக் கீழே இருந்தது பெரியப்பாவுக்கு. மண்ணைக் குழி குழியாக அளந்து எழுதியவர்கள், தண்ணீர் எந்த வழியாகக் கீழே போகும் என்று எழுத மறந்துவிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இருந்தவரை தண்ணீர் தன்பாட்டுக்குப் போனது. ஏதோ ஒரு பொங்கலுக்கு வார்த்தை தடித்து, அப்பா வரப்பை உயர்த்திக் கட்டினார். பெரியப்பாவின் பயிர் காய்ந்தது. அவர் வக்கீலிடம் போனார்.

அப்புறம் வாய்தாமேல் வாய்தா. விடியற்காலையில் அப்பா புளிச்சோறு கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போவார். பெரியப்பாவும் அதே பஸ்தான். வேறு பஸ் ஏது? ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே மாதிரி வாடிப்போய் இறங்குவார்கள். என்ன ஆச்சு என்று அம்மா கேட்கமாட்டாள். அவர் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே மறுபடி தள்ளி வைத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். செம்பில் தண்ணீரை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அது ஆட்சி மாறி ஊருக்கு ஊர் கொடிக்கம்பம் நட்ட காலம். கூலிச் சண்டை, குத்தகைச் சண்டை என்று பக்கத்து ஊர்களில் போலீஸ் வேன் நிற்கும். அப்பா ஒரு கொடியைப் பிடித்தார் என்பதற்காகவே பெரியப்பா இன்னொரு கொடியைப் பிடித்தார். அந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று அவருக்கே தெரியாது. இந்த வரப்புத் தகராறு கட்சித் தகராறாகி வெட்டுக்குத்தில் போய் முடியும் என்று ஊரே பயந்தது.

எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது ஒரே குறை. பெரியப்பா மகள், எனக்கு அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் பாண்டி ஆடுவாள். நான் இந்தப் பக்கம் தனியாக ஆடுவேன். பேசினால் முதுகில் விழும். அவர்கள் வீட்டில் நாங்களோ எங்கள் வீட்டில் அவர்களோ கை நனைத்து எனக்கு நினைவே இல்லை.

அம்மா பிறந்தது பக்கத்து ஊர். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா இரண்டு மா நிலத்தை மஞ்சக்காணியாக, பெண்ணுக்குச் செய்கிற சீராக, அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு ஊர் எல்லையில், பெரியப்பாவின் வயலுக்கு அடுத்தாற்போல் இருந்தது. மூலையில் ஒரு குட்டை. சித்திரையிலும் அதில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடக்கும். அறுப்புக்கு முன்னால் ஈரம் காயாதபோதே அம்மா அங்கே உளுந்து தெளிப்பாள். அந்த உளுந்து அவளுடையது. தீபாவளிக்கு எங்கள் துணிமணி அதிலிருந்துதான் வரும், அப்பாவிடம் கேட்கமாட்டாள். மற்ற வயலுக்கெல்லாம் அப்பாவுக்குப் பின்னால் நடக்கிறவள், அந்த வரப்பில் மட்டும் முன்னால் நடப்பாள்.

சமாதானம் பேச வந்தவர் டவுனில் நெல் மில் வைத்திருந்த ராவுத்தர். எங்கள் ஊரில் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அதனாலேயே இரண்டு பேருக்கும் அவர்மேல் நம்பிக்கை. ஒரு மாசி மாசம் நெல் கொண்டுபோன இடத்தில் அண்ணனையும் தம்பியையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தினாராம். "ஏம்ப்பா, ரெண்டு பேருமாச் சேந்து அந்த வக்கீலுக்கு மாடி வீடு கட்டிக் குடுத்துட்டீங்க. புதுமனை புகுறதுக்காவது உங்களக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாராம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டதாம். அந்தச் சூட்டோடு முச்சலிக்கை எழுதி வாங்கிவிட்டார். ராவுத்தர் சொல்கிறபடி கேட்கிறோம், கேஸை வாபஸ் வாங்குகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட காகிதம் அது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சு முடிந்து ராஜி ஆனதும் இரண்டு குடும்பமும் அங்கேயே சேர்ந்து சாப்பிடவேண்டும் என்பது ராவுத்தர் போட்ட நிபந்தனை. களத்தின் நடுவில் புது வைக்கோல்போர். அந்தப் பக்கம் பாய் விரித்து ஆண்கள். இந்தப் பக்கம் மூன்று கல் கூட்டி அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு ஆளில்லை. பெரியம்மா முடிவு தெரிந்த பிறகுதான் வேலியைத் தாண்டுவாள். பெண்கள் அந்தப் பாய்ப் பக்கம் போவது வழக்கமில்லை. அதனால் தூதுக்கு நான்.

ராவுத்தர் காலையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு வயல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தார். "தம்பி வரப்ப வெட்டமாட்டேங்குறான். அண்ணன் தண்ணியில்லாம கெடக்க முடியாது. ரெண்டும் நெசந்தான். அண்ணன் வயலுக்குப் பக்கத்துலயே ஒரு குட்டை கெடக்கே, அத ஏன் யாரும் பாக்கல?" என்றார். குட்டையோடு அந்த இரண்டு மாவையும் பெரியப்பா எடுத்துக்கொள்வது. இன்ஜின் வைத்து இறைத்தால் அவருக்கு வாய்க்காலே வேண்டாம். பதிலுக்கு அப்பாவின் வயலை ஒட்டிய தன் நிலத்தில் இரண்டு மாவைப் பெரியப்பா விட்டுக்கொடுப்பது. குழிக்குக் குழி சரியாக இருந்தது. பெரியப்பா தலையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார்.

ராவுத்தர்தான் நிறுத்தினார். "அது தங்கச்சியோட மஞ்சக்காணியாச்சே. அதக் கேக்க வேணாமா?"

"அவ என்ன சொல்லப்போறா?" என்றார் அப்பா.

"சொல்லாட்டியும் கேக்கணும்ல."

அப்பா என்னைப் பார்த்து, "போயி அம்மாவக் கேட்டுட்டு வா" என்றார். நான் போரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அம்மா விறகை உள்ளே தள்ளினாள்.

"மாத்தித் தர்ற நெலத்த எம்பேருல எழுதுவாங்களான்னு கேளு."

கேட்டேன். பெரியப்பாதான் முதலில் சிரித்தார். "பாத்தியாடா தம்பி, உம் பொண்டாட்டி தனிப் பட்டா கேக்குறா! நமக்குள்ள கேஸு முடிஞ்சா ஒங்களுக்குள்ள ஆரம்பிக்கும்போல." அப்பாவும் சிரித்தார். ஒரே பாயில் உட்கார்ந்து அவர்கள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்தது. ராவுத்தர் சிரிக்கவில்லை. குடைக் காம்பைத் தடவிக்கொண்டே, "எழுதிட்டாப் போவுது தம்பி" என்றார்.

"எம் பாகத்தோட ஒட்டுன நெலம், ராவுத்தரே. ஒண்ணாக் கெடக்கட்டும். ஒரே வீட்டுக்குள்ள எம்பேரு உம்பேருன்னு என்ன இருக்கு?" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒரே குடும்பந்தானேன்னு அப்பா சொன்னாருன்னு சொல்லு. சோறு கொழைஞ்சிடாமப் பாக்கச் சொல்லு."

ராவுத்தர் அதற்கு மேல் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷத்துச் சிக்கல் அவிழ்கிற நேரத்தில் நூல் அறுந்துவிடக்கூடாதே என்று நினைத்திருப்பார்.

நான் அப்பா சொன்னதையும் கொண்டுபோனேன், அந்தச் சிரிப்பையும் கொண்டுபோனேன். சிரித்துக்கொண்டேதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் ஆவி. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சரின்னு சொல்லு."

"சரியாம்! சரியாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நான் பாய்க்குப் போய்ச் சேருமுன்னே வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அக்கா ஓடி வந்துவிட்டாள்.

பெரியம்மா ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்தாள். நானும் அக்காவும் ஒரே இலையில் சாப்பிட்டோம். பெரியப்பா மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினார். ராவுத்தர், "நீயும் ஒக்காரு தங்கச்சி" என்றார். அம்மா, இன்றைக்கு விரதம் என்றாள். "பொதங்கெழமையில என்னடி விரதம்?" என்றாள் பெரியம்மா. அம்மா அவள் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அந்த வருஷத்து உளுந்து குட்டைக்கரையில் பூத்து நின்றது. அதை மட்டும் அம்மாவே பறித்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா பெரிய மனசு பண்ணினார்.

ஊரெல்லாம் அந்த ராஜியைப் பற்றித்தான் பேச்சு. பேசட்டும், நல்ல ராஜிதான். யாரும் யாரையும் வெட்டவில்லை. அதற்குப் பிறகு கோர்ட்டுக்கு நடந்து யார் காலும் தேயவில்லை. எனக்கு அக்கா கிடைத்தாள், இன்றைக்கும் இருக்கிறாள். மாற்றி வந்த இரண்டு மாவுக்கும் அப்பா வயலுக்கும் நடுவே இருந்த வரப்பை அடுத்த உழவிலேயே வெட்டி ஒன்றாக்கினார் அப்பா. அடுத்த வருஷம் அதில் விளைந்த உளுந்து அவருடைய மூட்டைகளோடு மில்லுக்குப் போனது. தீபாவளி வந்தபோது, அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்து அம்மா எங்கள் துணிக்குக் கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல துணியாகவே வாங்கிக் கொடுத்தார்.

நானோ, அந்தச் சமாதானத்தை முடித்துவைத்ததே நான்தான் என்று வருஷக்கணக்கில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அந்த வைக்கோல்போர் ஓர் ஆள் உயரம் இருந்தால் அதிகம். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். அப்பா சொன்னதெல்லாம் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அம்மா கேட்டது அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பு, நான் கொண்டுபோகும் முன்பே அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். கொண்டுபோக என் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அந்த இரண்டு மாவைப் பேசி முடிக்கத்தான் நடுவில் ஒரு பிள்ளை ஓட வேண்டியிருந்தது என்று, ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை.