ஹால்ட் ஏரியில் ஒரு பியோதக் தோணி

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை காலை, டென்மார்க்கின் வைலே நிலையத்தில் ரயில் ஏறினேன். விபோர்க் போக ஒரு வழிக்கு இருநூறு குரோனருக்குச் சற்றுக் குறைவு. ஆர்ஹஸில் ரயில் மாற வேண்டும். முதுகுப் பையில் மழைக்கோட்டு, கம்பளிக் காலுறை, ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூள். முதியோர் பராமரிப்பு வேலையில் எனக்குக் கிடைக்கும் கோடை விடுமுறையை இதுவரை கல்யாண வீடுகளிலேயே கழித்திருக்கிறேன். இந்த முறை மரப்பட்டையில் தோணி கட்டப் போகிறேன் என்றதும் என் மகள் டேனிஷில் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்: "அம்மா, உங்களுக்கு நீந்தத் தெரியாது."

அவள் சொன்னது உண்மை. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடல்நீரேரியை இரவில், கடற்படையின் சூட்டுக்குப் பயந்து பயந்து, படகில் கடந்து வந்தவள் நான். அதற்குப் பிறகு, பெரிய கப்பலைத் தவிர, நீரில் மிதக்கும் எதிலும் கால் வைத்ததில்லை.

விபோர்க்கில் ரஜனி காத்திருந்தாள். பாடசாலைச் சமையலறையில் வேலை, பெந்தகொஸ்தே சபைக்காரி, என் பழைய சிநேகிதி. நூலகத்தில் தோணி கட்டும் முகாமின் அறிவித்தலைப் பார்த்துவிட்டு என் பெயரையும் சேர்த்துப் பதிந்தவள் அவள்தான்.

"கேட்டுட்டுப் பதிஞ்சா நீங்கள் வரமாட்டியள் அக்கா," என்றாள்.

ஏரிக்குப் போகும் பஸ்ஸின் சாரதியும் எங்கள் தமிழ் ஆள். பத்துக் கிலோமீற்றர் கூட இல்லாத தூரம். அதற்குள் எங்கள் முழுக் கதையையும் கேட்டு முடித்தார்.

"மரப்பட்டையில தோணியோ? அது நனைஞ்சு ஊறாதே?"

"ஊறாதாம் அண்ணை. அந்தக் காலத்தில அதிலதான் கடலுக்கே போனவையாம்."

"ஆர் போனவை?"

"பியோதக் எண்டு ஒரு சனம். கனடாப் பக்கத்துத் தீவில இருந்தவை."

"இப்ப எங்க இருக்கினம்?"

"இப்ப இல்லை அண்ணை," என்றாள் ரஜனி. சாரதி கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தார். இறங்கும்போது, "கவனம், பிள்ளையள்," என்று மட்டும் சொன்னார்.

ஹால்ட் ஏரியைச் சுற்றிலும் குன்றும் காடும். கரையில் நடந்த முகாமுக்கு மூன்று நாளுக்கு ஆளுக்கு அறுநூறு குரோனர், சாப்பாடும் அதற்குள் அடக்கம். நடத்துபவர் மெற்ற என்ற பெண்மணி. இளவயதில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் தச்சுவேலை செய்தவர். அந்தத் தீவுதான் பியோதக் மக்களின் நாடு. எங்களை வரவேற்றதும் அவர் சொன்ன முதல் விஷயம் எனக்குப் பிடித்திருந்தது.

"அவர்கள் உடம்பிலும் உடையிலும் செங்காவி பூசினார்கள். நாங்கள் முகத்தில் பூச மாட்டோம். அந்த முகம் அவர்களுடையது. தோணிக்கு மட்டும் பூசுவோம்."

ரஜனி பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. சபையில என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டெல்லோ வந்தனான்."

அன்று மாலை மெற்ற அந்த மக்களின் ஓர் ஆண்டை எங்களுக்குச் சொன்னார். கோடையில் கடற்கரை: சால்மன், கடல்நாய், பறவை முட்டை. முட்டைக்காகக் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துத் தீவுக்கும் தோணியில் போவார்களாம். இலையுதிர் காலத்தில் உள்நாட்டு ஆற்றங்கரை. கரிபூ என்ற பெரிய மான்கள் கூட்டமாக ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு அவற்றை ஒதுக்கிக் கொண்டுவர, மரங்களை வெட்டி விழுத்திப் பல மைல் நீளத்துக்கு வேலி போட்டார்கள்.

"வேலி எண்டா எங்கட ஆக்களுக்குச் சொல்லித்தரோணுமே?" என்று ரஜனி என் காதுக்குள் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் அயலவர் போடும் வேலிச் சண்டைகளை நினைத்து நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிப்பு என்று மெற்ற கேட்க, விளக்கப் போய் முகாமுக்கு வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

படுக்கை மமட்டீக்கில். அது அவர்களின் வீடு: கம்புகளைக் கூம்பாக நட்டு, பேர்ச் மரப்பட்டையை அடுக்கடுக்காகப் போர்த்தியது. நடுவில் அடுப்பு, அதைச் சுற்றி நிலத்தில் ஆளுக்கொரு பள்ளம். பள்ளத்துக்குள் ஊசியிலைக் கொப்புகள் பரப்பியிருந்தன. தூக்கம் வராது என்று நினைத்தேன். சனி காலை கோப்பி மணத்துக்குத்தான் கண் விழித்தேன். என் வீட்டு மெத்தையில் வலிக்கும் இடுப்பு அங்கே வலிக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க வேலை. தோணியின் உடல் முன்பே வளைத்துக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு பிறைகளை அருகருகே வைத்த மாதிரி, இரு நுனியும் நடு விளிம்பும் உயர்ந்து நின்றன. அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் கூராக இறங்கியது. பட்டை வட சுவீடனிலிருந்து வந்தது. டென்மார்க்கில் அவ்வளவு பருத்த பேர்ச் கிடைப்பது அரிது. மிச்சத் தையலும் பூச்சும் எங்கள் பொறுப்பு. மரவேரை ஊறவைத்துப் பிளந்து நூலாக்கினோம். பிசினும் கொழுப்பும் செங்காவியும் சேர்த்துக் காய்ச்சித் தையலில் அப்பினோம். மாலைக்குள் தோணி செக்கச்செவேல் என்று நின்றது.

மதியச் சாப்பாடு, முட்டையும் கொழுப்பும் குடலில் அடைத்து வேகவைத்தது. கடல்நாய்க் கொழுப்புக்குப் பதிலாக ஆட்டுக் கொழுப்பு. ஒரு வாய் வைத்துவிட்டு ரஜனி என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து போத்தலை எடுத்தேன். மெற்றதான் முதலில் கையை நீட்டினார்.

ஞாயிறு காலை தோணியை நீரில் இறக்கினோம். யென்ஸ் என்ற தபால்காரர், படகோட்டுவதில் கெட்டிக்காரர், முதலில் ஏறினார். உட்காரும் முன்பே தோணி ஒரு பக்கம் புரண்டு அவரைத் தண்ணீருக்குள் கொட்டியது. அவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

"இதற்கு எடை வேண்டும்," என்றார் மெற்ற. பியோதக் மக்கள் அடியில் கல் அடுக்கி, அதன்மேல் பாசியைப் பரப்பி உட்கார்ந்தார்களாம். நாங்களும் கல் சுமந்தோம். கல் ஏற ஏற, தோணி அடங்கி நிமிர்ந்தது. "அடுத்து யார்?"

ரஜனி என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "நாங்கள் போறம்."

"எனக்கு ஏலாது ரஜனி. நான் ஏறமாட்டன்."

"கரையோரமாத்தான் அக்கா. பகல் வெளிச்சம், உயிர்காப்புச் சட்டை, சுடுறதுக்கு ஒருத்தரும் இல்லை. வாங்கோ."

கடைசியாகச் சொன்னதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவளும் கிளாலி கடந்தவள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மெற்ற ஒரு உருண்டை பிசினை என் உள்ளங்கையில் வைத்து, "கையிலேயே வைத்திரு, சூட்டில் இளகியிருக்கும்," என்றார். ஏறினேன்.

பாசி மெத்தென்று இருந்தது. முதல் சில தடவை துடுப்பு வலிக்கும் வரை நான் மூச்சு விட்டேனா தெரியாது. பிறகு தோணி தானாக வழுக்கிப் போனது. தண்ணீரின் குளிர் பட்டைக்கு அப்பால் முழங்காலில் தெரிந்தது. ஒரு வாத்துக் கூட்டம் எங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்து போனது. என்னை அறியாமல் கரையோரத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

அப்போதுதான் என் காலடியில் பாசி கறுத்தது. தையல் ஒன்று விட்டுத் தண்ணீர் வருகிறது.

"இயேசப்பா!" என்று ரஜனி கத்தினாள். கத்தியபடியே தன் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை அள்ளி இறைக்கத் தொடங்கினாள். நான் பாசியை விலக்கி, ஒரு கல்லை நகர்த்தி, விரலால் தடவித் தையலைத் தேடினேன். கிடைத்தது. பிசினை அழுத்தி, பெருவிரலால் தேய்த்து, விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன்.

"நிண்டிட்டுதோ அக்கா?"

"நிண்டிட்டுது. நீ வலி!"

அவள் ஒற்றையாகத் துடுப்பு வலித்து, உரத்த குரலில் ஜெபித்தபடி, கரை சேர்த்தாள். தமிழில் ஏதோ படகுப் பாட்டுப் பாடுகிறோம் என்று நினைத்துக் கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். என் பெருவிரல் சிவந்து போயிருந்தது. "இன்னொருக்கா போவமே?" என்று நான்தான் கேட்டேன். பிசின் இறுகியதும் இரண்டாம் முறை போனோம். அந்த முறை முன்னால் இருந்து துடுப்பு வலித்தது நான்.

புறப்படும்போது மெற்றவிடம் கேட்டேன்: "தையல் ஏன் விட்டது? எங்கே பிழை விட்டோம்?"

அவர் தோணியின் வயிற்றைத் தடவினார். "தெரியவில்லை. கரையெல்லாம் வெளியார் பிடித்துக்கொள்ள, பசியிலும் நோயிலும் சுடப்பட்டும் அந்த மக்கள் போய்விட்டார்கள். பேச்சில் சில நூறு சொற்கள்தான் மிச்சம். அவர்கள் இரத்தம் அயலில் உள்ளவர்களிடம் இன்னும் ஓடுகிறது என்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்த வேர் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை."

பிழை சொல்லித்தர ஒருவரும் இல்லை என்ற அந்தப் பேச்சே ரயிலில் வைலே வரும் வரை மனதில் ஓடியது.

அடுத்த ஞாயிறு வீட்டில் யாழ்ப்பாணத்துக் கூழ் காய்ச்சினேன். ரஜனியும் விபோர்க்கிலிருந்து வந்தாள். அயலில் உள்ள தமிழ்ச் சனமும் வந்தது. புளி காணாது என்றார் ஒருவர். பனங்கிழங்கு ஒடியல் மாவைப் பிந்திப் போட்டிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். எங்கட ஊரில நண்டு போடாமல் கூழே இல்லை என்று மூன்றாமவர் சண்டைக்கே வந்தார். வழக்கமாக எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். அன்று மூன்று பேருக்கும் கோப்பை நிறைய மறுபடி ஊற்றிவிட்டு, "சொல்லுங்கோ, வேற என்ன பிழை?" என்று கேட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.