மூன்றாவது பேட்டன்ட்டும் ஒரு நைலோன் சேலைத் துண்டும்

1. சப்பாத்தும் கொக்கியும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி எனக்கு லேத் மெஷினைக் காட்டவில்லை. சுவரைக் காட்டினார். வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில், அதே அளவு ஃபிரேமுக்குள், கொழும்பிலிருந்து வந்த பேட்டன்ட் சான்றிதழ் தொங்கியது. மாதாவுக்கு ஒரு பல்ப் எரிந்தது. சான்றிதழுக்கு இரண்டு.

"மணி, ஹட்டன்ல எத்தனையோ ஒர்க்‌ஷாப் இருக்கு. பேட்டன்ட் எடுத்தது நாம மட்டுந்தான்" என்றார்.

முதலாளி அருளப்பன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். தேயிலை ஃபெக்டரிகளுக்கு மெஷின் ரிப்பேர் செய்வதுதான் எங்கள் தொழில். ஆறு பேர் வேலை செய்தோம். ரிப்பேரில் அவர் கில்லாடி. அதில் வந்ததைக் கண்டுபிடிப்பில் கரைப்பதில் அதைவிடக் கில்லாடி.

சுவரில் தொங்கியது அட்டைக்கடிக்கு மருந்தாக அவர் கண்டுபிடித்த சப்பாத்து. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகாலில் ஒரு ஸ்பிரிங் அமுங்கி உப்புத்தூள் தெளிக்கும். அட்டை கிட்டவே வராது. நல்ல யோசனைதான். ஆனால் அட்டை வருவது மழையில். மழையில் உப்பு கட்டியாகி ஓட்டையை அடைத்துக்கொண்டது. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒரே நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "கால ஊறுகா போடுற சப்பாத்து" என்று பேர் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது, கொழுந்து மூட்டையை ஃபெக்டரி மாடிக்குத் தூக்கும் கொக்கி. செய்து காட்டிய நாளில் அது மூட்டையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையின் பெல்ட்டைப் பிடித்துவிட்டது. மனுசன் நாலடி மேலே போய்விட்டுத்தான் இறங்கினார். அதற்கும் சான்றிதழ் வந்தது. ஓடர் மட்டும் வரவில்லை.

இரண்டு சான்றிதழிலும் கண்டுபிடித்தவர் அருளப்பன். கொக்கியின் பூட்டு முழுக்க என் யோசனை. ஆனால் என் மச்சான் கல்யாண வீட்டில் என்னை "போல்ட்டு முடுக்குறவரு" என்றுதான் நாலு பேருக்கு அறிமுகம் செய்வான். அது எனக்கு எரியும். அதனால்தான் மூன்றாவது மெஷினுக்கு முதலாளி, "இது ஒன் பேருலதான் மணி, மாதா மேல சத்தியம்" என்று சொன்னதும் நான் சோறு தண்ணி மறந்து வேலை செய்தேன்.

2. குச்சி மெஷின்

காய்ந்து வரும் தேயிலையில் குச்சியும் நாரும் கலந்திருக்கும். நோர்வூட் பக்கத்தில் ஒரு ஃபெக்டரியில் ஒன்பது பெண்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கையால் பொறுக்குவார்கள். நாங்கள் செய்த மெஷினில் பிவிசி பைப் ஒன்று சுழலும். மேலே கம்பளித் துணி உரசும். சீப்பால் தலைவாரிவிட்டுக் கடதாசித் துண்டுக்குக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டுமே, அதே சங்கதிதான். நார் பைப்பில் ஒட்டும், தூள் தப்பிக்கும், மறுபக்கம் ஒரு பிரஷ் நாரை வழித்து எடுக்கும்.

எட்டு மாதம் பாடுபட்டேன். ஒர்க்‌ஷாப்பில் வெயில் நாளில் அருமையாக ஓடியது. லொறியில் ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு, ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளேயே வந்துவிட்டது. கம்பளி ஈரத்தைக் குடித்துக்கொண்டது. பைப் சுழன்றது, மோட்டார் பாடியது, ஒரு நார்கூட ஒட்டவில்லை. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி உதட்டுக்குள் செபம் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மேசையின் தலைமாட்டில் இருந்தவர் பார்வதி. மலையில் கொழுந்தெடுக்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போனதால், கெஞ்சிக் கூத்தாடி ஃபெக்டரி வேலை வாங்கியவர். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம்.

"மணியண்ணே, எங்க முந்தானையில ஒட்டுற நாரு ஒங்க கொழாயில ஒட்ட மாட்டேங்குதே. எட்டு மாசமா என்னத்தத்தான் செஞ்சீங்க?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு இன்னும் குஷி வந்துவிட்டது. சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றியிருந்த பழைய நைலோன் சேலைத் துண்டை அவிழ்த்து என் மேல் எறிந்தார். "இந்தாங்க, இதக் கட்டி விடுங்க. கொழாய்க்கும் மானம் மரியாதை வேணாமா?"

எனக்கு வந்த கோபத்தில் கம்பளியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அந்தத் துண்டையே மடித்துக் கட்டி சுவிட்சைப் போட்டேன். பைப் சடசடவென்றது. நாரெல்லாம் துள்ளிக்கொண்டு போய் ஒட்டியது. நைலோன் கம்பளி மாதிரி ஈரம் குடிக்காது என்பது எங்கள் இரண்டு பேட்டன்ட் மண்டைகளுக்கும் எட்டு மாதமாகத் தோன்றவில்லை.

பெண்கள் கை தட்டினார்கள். பார்வதி விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்தார். டீ மேக்கர் ஐயா தட்டில் விழுந்த தூளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார்.

"அப்ப இதுக்கு ரெண்டு பேரு போதும். மத்த ஏழு பேரும் மலைக்குப் போகலாம்."

அதோடு கைதட்டல் நின்றுவிட்டது.

3. கழட்டிருங்க

மறுநாள் நான் ஸ்டாண்டுக்குப் போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தபோது பார்வதி வந்து நின்றார். அன்று கேலி எதுவும் இல்லை.

"அண்ணே, அந்தத் துணியக் கழட்டிருங்க."

"என்ன பார்வதி சொல்றீங்க?"

"நான் சும்மா வெளையாட்டுக்குத் தூக்கிப் போட்டது. கழட்டிட்டுப் பழைய கம்பளியக் கட்டுங்க. மெஷின் சரியில்லன்னு தூக்கிட்டுப் போயிருவாங்க. இந்தக் கால வச்சிக்கிட்டு நான் மறுபடி மல ஏற முடியாது."

நான் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "நாம கொண்டு வரலன்னா இந்தியாவுல இருந்து வேற மெஷின் வரும். எப்படியும் வரத்தான் போகுது" என்றேன்.

"வரட்டும். அதுக்கு நான் சேல குடுக்கலியே."

குனிந்து அடுத்த போல்ட்டை முடுக்கினேன். அந்த நேரம் என் மண்டைக்குள் ஓடியது மச்சானின் முகமும் சுவரில் மாட்டப்போகும் ஃபிரேமும்தான். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். நான் துணியைக் கழட்டவில்லை.

4. ஃபோர்ம்

எங்கள் பேட்டன்ட் வேலையைப் பார்க்கும் கொழும்பு லோயர் ஃபோனில் பேசினார். "பைப் சுழல்றது வெளிநாட்டுல ஏற்கனவே இருக்கு. ஈரத்துலயும் வேலை செய்ற மாதிரி அந்தத் துணி போட்டிருக்கீங்களே, அதுதான் புதுசு. அது யாரோட யோசனை?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் லேத்தைப் பார்த்தேன். "விசாரிச்சுச் சொல்றோம் சேர்" என்று வைத்துவிட்டேன். முதலாளிக்கு என் மேல் சரியான ஆத்திரம். "துணிக்கெல்லாம் எவன்டா பேரு போடுவான்? எழுதித் தொலையேன்டா ஒன் பேர" என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மை எடுத்துக்கொண்டு பார்வதியின் லயத்துக்குப் போனேன். நான் பெரிய நியாயவான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டோம் என்று ஆகிவிட வேண்டும், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் என் வேண்டுதல். மாதாவிடம்கூட வேண்டிக்கொண்டேன், நான் கிறிஸ்தவன் இல்லாவிட்டாலும்.

பார்வதி ஃபோர்மை நிதானமாக வாசித்தார்.

"இதுல பேரு போட்டா என்ன ஆகும்?"

"பேரு நிக்கும். கண்டுபிடிச்சது நீங்கன்னு அரசாங்கமே சொல்லும்."

"அதத்தாண்ணே நானும் பயப்படுறேன். ஏழு பேரு வேலைக்கு வேட்டு வச்சது யாருன்னு கேட்டா, பார்வதின்னு அரசாங்கமே சொல்லும். நான் அவளுகளோடதானே காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போகணும். ஒங்க பேரயே போட்டுக்கங்க. ஏசுறதுன்னா ஒங்களயே ஏசட்டும்."

ஃபோர்மை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். பால் இல்லாத ப்ளேன்டி ஒன்று குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சான்றிதழ் வந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர். என் மனைவி கேசரி கிண்டினாள். மச்சான் வந்து கை கொடுத்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். பதினோரு ஃபெக்டரிகளுக்கு அந்த மெஷினைக் கொடுத்தோம். நோர்வூட்டில் கண் கூர்மையான இரண்டு இளம் பெண்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை மலைக்கு அனுப்பினார்கள். பார்வதியும் போனார்.

புதிதாக மெஷின் செய்யப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபோர்மில் கண்டுபிடித்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. மெஷினை வைக்கப்போகிற இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர் பெயருக்குக் கட்டம் கிடையாது. அது யார் என்று பைப் வெட்டுவதற்கு முன்னால் நீங்களே போய்ப் பாருங்கள். நான் தட்டில் விழுந்த தூளைத்தான் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பார்வதியை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். முழங்காலுக்கு எண்ணெய் வாங்க வந்திருந்தார். என் மேல் கோபமா என்று கேட்டே விட்டேன்.

"கோவம் என்னத்துக்குண்ணே. வாயத் தொறந்தது நான்தானே" என்றார். "இப்பக் கொழுந்து வெட்ட ஒரு மெஷின் கொண்டாந்திருக்காங்க. சரியா ஓட மாட்டேங்குது. எல்லாரும் நின்னு சிரிக்கிறாளுக. நான் பக்கத்துலயே போறதில்ல."