போனில் சொன்ன ஸ்தூதி

பாக்கியம் அக்கா இறந்துவிட்டார். இன்று காலை எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மலை சரிந்தது... மதியம்தான் உடலை எடுத்தார்கள்.

ருவான்வெல்லைப் பக்கத் தோட்டத்தில் நானும் அவரும் ஒன்றாக ரப்பர் பால் வெட்டியவர்கள். நான் அதை விட்டு பஜாரில் ஒரு போன் கடையில் சேர்ந்த பிறகும், டவுனுக்கு வந்தால் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்.

போன வாரம் வந்தார். கால் முழுக்கச் சேறு.

"தம்பி, லயத்துக்குப் பின்னால நெலம் வெடிச்சிருக்கு. கை உள்ள போவுது. மண்சரிவு பாக்குற ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் குடு."

சிங்களத்தில் அவரே பேசினார். என்னைவிட நல்ல சிங்களம். வெடிப்பு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, நடக்க முடியாதவர்கள் எந்தெந்தக் காம்பிரா அறையில்... எல்லாம் சொன்னார்.

அந்தப் பக்கத்து ஆள் ஸ்பீக்கரில் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "கிவ்வட்ட ஸ்தூதியி." சொன்னதற்கு நன்றி.

போன் கட்.

அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ஸ்தூதின்னுட்டாங்க தம்பி. அப்ப வருவாங்க."

"இல்லக்கா... அது போனை வைக்கிறதுக்கு சொல்றது. எல்லாருக்கும் சொல்லுவாங்க."

போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பிடியா... ஆபீஸ்காரங்க யாரும் என்கிட்ட அத சொன்னதில்லையே. சொன்னா செய்வாங்கன்னு நெனச்சேன்."

உண்மைதான். எங்கள் லயத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோனால் "புண்ணியமாப் போவும்" என்பார்கள். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது காலியாகத் தரமாட்டார்கள், அவ்வளவுதான்.

நன்றி என்பது கூட்டத்தின் கடைசியில் மைக்கில் வருவது... அதற்குள் நாங்கள் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம்.

யாரும் வரவில்லை. மழையும் விடவில்லை. நாங்கள் குடிக்கப் பிடிக்கும் பீலியில் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. காம்பிராக் கதவுகள் நிலை கோணிச் சாத்த வரவில்லை. நாய்கள் லயத்துப் பக்கம் படுப்பதையே விட்டுவிட்டன.

நேற்று சாயங்காலம் அக்கா கதவு கதவாகத் தட்டினார். "யாரும் வரப்போறதில்ல. நாமதான் போகணும். ஸ்கூலுக்கு எறங்குங்க!"

சிலர் திட்டினார்கள். அடுப்பில் சோறு கொதிக்குது, இப்போது எங்கே போவது என்றார்கள். அக்கா கேட்கவில்லை... அடுப்பையே அணைத்துவிட்டார்.

நான் கடையிலிருந்து வந்து சேர்வதற்குள், நடக்க முடியாத என் அம்மாவை முதுகில் சுமந்து இறக்கியிருந்தார். "நல்லா இருப்ப தாயி," என்று அம்மா அவர் கன்னத்தைத் தடவினார்.

இன்று விடிந்ததும், கட்டிப்போட்டிருந்த மாட்டை அவிழ்த்துவிட மேலே போனார். வேண்டாம் என்றோம். "அதுக்கு வாயா இருக்கு, கேக்க?" என்று கேட்டுவிட்டு ஏறினார்.

மாடு மட்டும் இறங்கி வந்தது.

எங்கள் மயானமும் அந்த மலையில்தான். அங்கேயும் நிலம் வெடித்திருக்கிறதாம், போலீசார் ஏற விடமாட்டோம் என்கிறார்கள். நாளைக்கு அக்காவை எங்கே அடக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஸ்கூலுக்குப் பின்னாலும் மலைதான்... ஆளாளுக்கு மாறி மாறி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போய்ட்டு வாங்க அக்கா. அம்மா இப்பதான் ரெண்டு வாய் சாப்பிட்டாங்க.