அப்பா எடுத்துக்கொண்ட என் மாத்திரை

எனக்கு வந்த வியாதியில் காயமும் இல்லை, ஜுரமும் இல்லை. பெங்களூரு போகும் விடியற்காலை ரயிலில் கூட்டம் நெருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும், இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். இசிஜி எடுத்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு போன மனநல டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். காலை மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதலில் குமட்டும், படபடப்பு கூடவும் செய்யலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். இரவு மாத்திரை கொஞ்ச நாளைக்கு மட்டும். அது ஆளை அமுக்கும், மறுநாள் மப்பு தெளியாமல் வண்டி ஓட்டாதீர்கள், குடிக்காதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் எங்கள் ஊருக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் முதுகுவலி என்று வாசலில் நின்று சொன்னால் போதும், பக்கத்து வீட்டு மாத்திரைப் பட்டை கைக்கு வந்துவிடும். சுவரே பொது, மருந்து மட்டும் தனியா?

அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். பாறைத்தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்குவார். தூங்குவார் என்பது பேச்சுக்குத்தான். நான் இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மரக்கட்டை மாதிரிக் கிடப்பதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. தனக்கும் ஒன்று கொடு என்றார். முடியாது என்றேன். மறுநாளும் கேட்டார். எனக்கோ வாய் வறண்டு, வயிறு புரண்டு, யார் பேசினாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த நேரம். இது இன்னா மிட்டாயா என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா உலுக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எப்போதோ ஒருமுறை வந்தது. என் பையைத் திறந்தால், இரவு மாத்திரைப் பட்டையில் இரண்டு மாத்திரை குறைந்திருந்தது. ரயிலில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் துடிக்கிற என் நெஞ்சு அன்றைக்கு அசையவே இல்லை. பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பட்டையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நுரையீரல் கெட்டவருக்கு இது மூச்சையே மந்தமாக்கிவிடும், இன்னும் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்றார்.

பிழைத்துவிட்டார். கண் தெளிந்து, ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன்.

"இன்னாப்பா, எதுக்கு எடுத்த?"

"உனக்கு இன்னா பயமோ அதே பயந்தான்டா எனக்கும். படுத்தா செத்துப்பூடுவேன்னு கீதுடா."

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறி, வெளிச்சமே இல்லாத ஆழத்துக்கு ஷிஃப்ட் தவறாமல் இறங்கியவர். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. திட்டு மறந்துபோய் அழுதேன்.

அவருக்கு இப்போது வேறு வைத்தியம் நடக்கிறது. என் மாத்திரைகளை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். இரவு மாத்திரையை ஒரேயடியாகத் தூக்கி எறிகிறேன் என்றதற்கு என் டாக்டர் கோபித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம், சட்டென்று விட்டால் பழைய படபடப்பு இன்னும் மோசமாகத் திரும்புமாம். அப்படியே குறைத்துக்கொண்டு வருகிறேன்.

அப்பாவுக்குத்தான் நம்பிக்கை இல்லை. தன் மூச்சை அமுக்கியது மகனின் மூச்சை மட்டும் விட்டுவிடுமா என்று அம்மாவிடம் கேட்கிறாராம். ரயிலுக்காக நான் வைத்த அலாரம் அடிக்குமுன்பே, சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறி என் கட்டிலுக்கு வருகிறார். என் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறார். நான் கண்ணைத் திறப்பதில்லை. அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் பலமாகவே மூச்சு விடுகிறேன்.