காலிக் குடமும் பூரண கும்பமும்

அதைத்தான் கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள்: இருபத்தெட்டு வருஷம் ஒரு பத்திரிகைக்கு ஸ்ரீரங்கத்துச் செய்தி எழுதிய மனுஷன் போய்ச் சேர்ந்தால், அதில் நாலு வரி வராதா? நிருபர் சந்தானம் அண்ணன் இறந்ததைக் கோயில் வாசல் பூக்காரி சொல்லித்தான் அறிந்தேன். வாங்கிய துளசி மாலையோடு அப்படியே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பேப்பரைப் புரட்டினால், அமைச்சர் பேத்திக்குக் காது குத்திய படம்தான் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. பெருமாளே!

அந்தக் குடம் விவகாரம் உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் தெருக் குழாய்களில் பதினோரு நாளாகத் தண்ணீர் வரவில்லை. கவுன்சிலர் வரும் வழியில் காலிக் குடத்தோடு நின்றோம். அண்ணன்தான் படம் எடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. வெறுங்குடத்தை வீதியில் வைக்க மனசு வராமல், நான் என் பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டுத் தொலைத்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் இட்டார்கள். மறுநாள் பேப்பரில் எங்கள் படம்: "கவுன்சிலருக்குப் பெண்கள் பூரண கும்ப வரவேற்பு." தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன்.

"ஏண்ணே, உங்கள நம்பித்தானே நின்னோம்? பெருமாள் சும்மா விடுவாரா?"

"விட மாட்டாரும்மா. ஆனா நான் எழுதுனது இது இல்ல" என்று போனைக் காட்டினார். அவர் அனுப்பிய செய்தியில் பதினோரு நாளும் இருந்தது, காலிக் குடமும் இருந்தது.

"பின்ன யாரு மாத்துனா?"

"ஆபீஸ்ல. கவுன்சிலர் கட்சி விளம்பரம் ரெண்டு பக்கம் வந்திருக்கு. படம் பொய் சொல்லாதும்மா, கீழ எழுதுறவன்தான் சொல்லுவான். நீயும் குங்குமத்த வெச்சு அவனுக்கு வசதி பண்ணிக் குடுத்துட்ட."

"அப்ப அந்த வேலை எதுக்கு? தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"நானும் போயிட்டா உங்க தெருவப் பத்தி அங்க யாரு பேசுவா?"

இந்தப் பதில் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். வெட்டுவார்கள் என்று தெரிந்தே எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அன்று சாயங்காலமே தன் செய்தியைப் பிரிண்ட் எடுத்து வந்து, எங்கள் தெருவில் வீடு வீடாக நின்று சத்தமாக வாசித்தார். "பேப்பர்ல வராததும் செய்திதான்" என்றார். அதற்காக மூன்று மாதம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். பேப்பரைப் பிரித்தால், இருப்பதைப் படிக்கும் முன் இல்லாததைத் தேடுகிறேன்.

இதோ, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்று அவர் கடைசியாக வாசித்தது தெருக்கோடியில் கவுன்சிலர் வீட்டு வாசலில். தொண்டை கட்டிப்போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் குழாய்கள் அன்றும் வறண்டு கிடக்க, கவுன்சிலரின் அம்மா தன் வாசல் குழாயைத் திறந்து, சொம்பு நிறையப் பிடித்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, அதையும் அங்கேயே நின்று பேப்பருக்கு எழுதி அனுப்பினார்.