இருண்ட திரையும் ஈர சாக்ஸும்

ஈர சாக்ஸ் சூட்டில் வேகும் அந்த நாற்றம் இன்றைக்கும் எங்காவது வந்தால் என் கை தானாகக் கால்சட்டைப் பையைத் தடவும். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் மர்பி டவுனில், மழை விடாத ஓர் ஆடி மாதம், பள்ளிக்கூட சாக்ஸைக் காயவைக்க எனக்கு ஓர் இடம் அகப்பட்டிருந்தது: அக்காவின் கம்ப்யூட்டர் மானிட்டருடைய வெதுவெதுப்பான முதுகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாகப் பிழியாத சாக்ஸிலிருந்து தண்ணீர் உள்ளே சொட்டி, "பட்"டென்று ஒரு சத்தம், திரை இருண்டுவிட்டது. சாக்ஸை நிக்கர் பைக்குள் செருகிக்கொண்டு வெளியே நழுவினேன்.

மறுநாள் காலை அக்கா கல்லூரியில் கொடுத்தாக வேண்டிய ப்ராஜெக்ட் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது. ஃப்ளாப்பி போடும் இடம் எப்போதோ கெட்டிருந்தது, ஞாயிறு என்பதால் கடைகளும் திறந்திருக்கவில்லை. "பெட்டிக்கு உயிர் இருக்கு, கண்ணுதான் போச்சு," என்று கீழ்வீட்டு டேவிட் அண்ணன் தம் ஆபீஸ் லேப்டாப்பையும் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒரு "சீரியல்" கேபிளையும் கொண்டுவந்தார். இரண்டிலும் லினக்ஸ், இரண்டின் பின்னாலும் ஒன்பது ஊசி உள்ள ஒரே மாதிரி வாய்.

அக்கா இருட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்து, தன் பெயர், பாஸ்வேர்டு, ப்ராஜெக்டைக் கேபிள் வழியே அனுப்பும் கட்டளை என எல்லாவற்றையும் பார்க்காமலே தட்டினாள். லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை.

"நேத்தே அச்செடுடின்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்," என்றாள் அம்மா. திரும்பி வந்து வாசலில் நின்ற என் பையிலிருந்து ஈரம் தொடைக்கு இறங்கியது.

"ஸ்வல்ப இருங்க ஆன்ட்டி," என்ற அண்ணன் கேபிளைத் திருப்பிப் பார்த்தார். "நேர் கேபிளைக் கொண்டாந்துட்டேன். ரெண்டும் ஒரே கம்பியில பேசுது. ரெண்டும் இன்னொரு கம்பியில காதை வெச்சிக்கிட்டுக் குந்தியிருக்கு."

"நம்ம வீடு மாதிரி," என்றாள் அக்கா.

கேபிளை வெட்டி, அந்த இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி முறுக்கி, டேப் சுற்றினார். இப்போது வந்தது, ஆனால் வெறும் கிறுக்கல். "வேகம் ஒத்துப்போகல," என்று லேப்டாப்பில் ஓர் எண்ணை மாற்றினார். அக்கா மறுபடி தட்ட, ப்ராஜெக்டின் தலைப்பு எழுந்தது. பின்னாலேயே வரிவரியாக மற்றதெல்லாம். "படிடா," என்றாள். லேப்டாப் முன் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

கடைசிப் பக்கமும் வந்ததும் அண்ணன் காபிக்குச் சமையலறைப் பக்கம் போனார். அக்கா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். ப்ராஜெக்டுக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்து நின்றது: "பையில இருக்கிற சாக்ஸை எடுத்துக் கொடியில போடு. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

உங்களுக்கு வாங்கிய லேப்டாப்பில் அந்த ஒன்பது ஊசி வாய் இல்லை, பிள்ளைகளே. துணி காயப்போட முதுகும் இல்லை. உங்கள் அத்தையான அந்த அக்கா மட்டும் இன்றுவரை சொன்ன சொல் காப்பாற்றிவிட்டாள். மானிட்டர் ஏன் போனது என்று இதைப் படித்துத்தான் உங்கள் பாட்டிக்குத் தெரியப்போகிறது. இதை எழுதும்போதே தொடையில் அந்த ஈரம் தெரிகிறது.